உன் கிட்டாரில் நான் அடித்த பாலிஷ்

ஆர்த்தி,

இந்தக் காகிதங்களை உன் கல்யாணச் சேலைகளுக்கு நடுவில் செருகி வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ கோபர்கைரனேயில் புது வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது கையில் கிடைக்கும், அப்போது நான் உன் எதிரில் இருக்க மாட்டேன், முகம் பார்க்காமல் தப்பித்துவிடலாம். அப்படி நினைத்ததே வெட்கக்கேடு. அதனால் உன் ஆபீஸ் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். சுனாபட்டியில் ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்தால், வாஷியில் வண்டி மாறுவதற்குள் ஒரு பக்கமாவது முடித்துவிடுவாய். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். மெதுவாகவே வாசி, எனக்கும் இது வேகமாக எழுத வரவில்லை. புரியாத இடத்தை அம்மாவிடம் கேள். மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்டுவிடாதே. "பொண்ணு தமிழ் வாசிப்பாளா?" என்று அவர் அம்மா கேட்டபோது, "அவளுக்கு அது தண்ணி பட்ட பாடு" என்று அளந்து விட்டவன் நான்.

விஷயம் உன் கிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று வீடு முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தீர்கள். பழைய குக்கர் போகிறது, நீ ஸ்கூலில் வாங்கிய கேடயங்கள் போகின்றன, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த கண்ணாடி கூடப் போகிறது. கிட்டாரை மட்டும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாதான் கேட்டாள். "அது இங்கயே கெடக்கட்டும்மா, அங்க ஜாகா இல்ல" என்றாய். இடம் இல்லையாம். நீயும் மாப்பிள்ளையும் எடுத்திருக்கும் வீட்டை நானும் வந்து பார்த்தேனே, கிட்டார் என்ன யானையா? ஆறேழு மாதமாக நீ அதைத் தொடவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அதைத் தேடுகிறவள் நீ. ஏன் நிறுத்திவிட்டாய் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கல்யாணப் பெண், வேலை அதிகம், அலுப்பாக இருக்கும் என்று நானே ஒரு பதிலைச் செய்து அதிலேயே திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அதை வாங்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. தாதரில் அந்தக் கடைக்கு நீதான் என்னைக் கூட்டிப்போனாய். உன் சம்பளத்தில் நீ உனக்கென்று வாங்கும் முதல் பெரிய பொருள், அப்பா கூட இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கடைக்காரன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று புதியது. நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகச் சிவந்து கறுத்துவிடும் நிறம், மேலே கண்ணாடி போலப் பளபளப்பு. மற்றது யாரோ வாசித்துவிட்டு விற்றது. நடு ஓட்டையின் கீழே நகமும் மீட்டும் வில்லையும் உரசி உரசி மரம் வெளுத்திருந்தது, இடுப்பில் ஒரு நசுங்கல், பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறிய கோடுகள். எனக்கு அதைப் பார்த்ததுமே கை பரபரத்தது, கோபமும் வந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தாராவிப் பட்டறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் பாலிஷ் போடுகிறவன் நான், என்னிடமே கீறல் விழுந்த சாமானை நீட்டுகிறானே என்று.

நீ இரண்டையும் எப்படிப் பார்த்தாய் என்று எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பலகை நேராக இருக்கிறதா என்று ஆசாரி பார்ப்பானே, அதுபோல ஒரு கண்ணை மூடிக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தாய். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை ஒவ்வொன்றிலும் விரலை வைத்து அழுத்தி, கம்பி எங்காவது சரசரக்கிறதா என்று கேட்டாய். ஒரே ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை காதைச் சாய்த்துக்கொண்டிருந்தாய். இதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "போன்லதாம்ப்பா, வேற எங்க" என்றாய். அப்புறம் என்னை உன் பக்கம் திருப்பி உட்கார வைத்தாய்.

"யப்பா, கண்ண மூடு. ரெண்டையும் வாசிக்கேன். எது நல்லாருக்குன்னு நீ சொல்லு. சீட்டிங் பண்ணாத."

மூடினேன். நீ ஒன்றை வாசித்தாய், பிறகு இன்னொன்றை. நான் லேசாகக் கண்ணைத் திறந்து, எது உன் மடியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பளபளப்பானதைக் கையில் எடுக்கும் சமயம் பார்த்து "இதுதான், இதுதான்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "கண்ணத் தொறந்துட்டே, நான் பாத்துட்டேன்" என்றாய். கடைக்காரனும் சிரித்தான். "ஆவாஸ் சுனோ காக்கா, சூரத் மத் தேக்கோ" என்றான். சத்தத்தைக் கேளுங்கள் பெரியவரே, மூஞ்சியைப் பார்க்காதீர்கள் என்று ஒரு கடைக்காரனே சொல்லும்படி ஆயிற்று. நீ என் உள்ளங்கையை எடுத்து அந்தப் பழைய கிட்டாரின் முதுகில் வைத்து, தடித்த அடிக்கம்பியைத் தட்டினாய். தையல் மெஷின் ஓடும்போது மேசையில் கை வைத்தால் இருக்குமே, அப்படி ஒரு நடுக்கம் மணிக்கட்டு வரைக்கும் வந்தது. "என்னமோ நடுங்குதே" என்றேன். "அதுதாம்ப்பா வேணும்" என்று சொல்லி, அதையே எடுத்துக்கொண்டாய். திரும்பி வரும் வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். நல்ல பிள்ளைக்கு யாராவது கிழிசல் துணி எடுப்பார்களா என்று கூடக் கேட்டேன். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

என் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நான் செய்தது உனக்குப் புரியும். புரிந்தால் மன்னித்துவிடுவாய் என்பதற்காகச் சொல்லவில்லை. எங்களிடம் வருகிற மரத்தில் ஆணித் துளை இருக்கும், முடிச்சு இருக்கும், ஒட்டிய இடம் பல்லைக் காட்டும். லப்பம் வைத்து அடைப்போம், நிறம் ஏற்றுவோம், சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்போம், மரத்தின் நுண்துளை அடைபட ஸீலர் அடிப்போம், மறுபடி தேய்ப்போம், அதற்கு மேல் பளபளப்புக்கு மெலமைன் ஸ்ப்ரே. வாடிக்கைக்காரர் வந்து கையால் தடவிப் பார்த்து, தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரிந்தால் நல்ல வேலை. உள்ளே என்ன மரம் என்று கேட்கிறவர் அபூர்வம். மேலே பார்த்தால் அலங்காரம், உள்ளே பார்த்தால் ஓக்காளம் என்று பட்டறையில் நாங்களே சொல்லிச் சிரிப்போம். சிரித்துவிட்டு அடுத்த கதவுக்கு லப்பம் குழைப்போம். அந்தப் புத்தி பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீ நாலாவது படிக்கும்போது கீழே விழுந்து புருவத்தில் காயம், மறுநாள் ஸ்கூலில் குரூப் போட்டோ. பிள்ளைக்கு வலிக்கிறதா என்று கேட்கவில்லை, அம்மாவிடம் பவுடரை அப்பச் சொன்னேன். அந்தப் போட்டோவில் நீ ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருப்பாய். அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் செம்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று நாள் குறித்தாயிற்று. வியாபாரக் குடும்பம், நம்மைவிட ஒரு படி மேல். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், நாற்காலிகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாலிஷ் போட்டேன். "பொண்ணு கிட்டார் வாசிப்பாளாமே, கேக்கணும்" என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் கண் போய் அந்தக் கீறலில்தான் நின்றது. இதையா அவர்கள் முன்னால் பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், பழைய சாமான் வாங்கிக் கொடுத்திருக்கிறான் அப்பன் என்று நினைக்க மாட்டார்களா? அந்த வாரம்தான் நீ ஆபீஸ் டிரெயினிங் என்று புனாவுக்குப் போனாய். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று எனக்கு உள்ளூரத் தெரியும். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். சர்ப்ரைஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போனேன்.

கம்பிகளைக் கழற்றி, ஓட்டையைப் பேப்பரால் அடைத்து, மேல் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு இழுப்பு இழுக்கவில்லை, பழைய பாலிஷ் போய் மரம் வந்துவிட்டது. வெங்காயச் சருகு அளவுக்குத்தான் பூசியிருந்தான் அதைச் செய்தவன். எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சப் பயல், இவ்வளவு பெரிய சாமானுக்கு இவ்வளவு மெல்லிசாகவா பாலிஷ் போடுவான், மிச்சம் பிடித்திருக்கிறான் என்று பக்கத்தில் வேலை செய்தவனிடம் காட்டிக் கேலி செய்தேன். அவன் ஏன் மெல்லிசாக விட்டான் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? பாலிஷ்காரன் மூளைக்கு அந்தக் கேள்வியே வராது, பிள்ளே. பாலிஷ் குறைவு என்றால் எங்களுக்குத் திருட்டு என்றுதான் அர்த்தம். ஓட்டையின் விளிம்பைத் தேய்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. மேலே ஓடிய ரேகை விளிம்பிலும் அப்படியே இறங்கியிருந்தது. பிளைவுட் என்றால் அடுக்கு அடுக்காகத் தெரியும். இது ஒரே மரம், நல்ல மரம், நெருக்கமான ரேகை. கடையில் நீ அதைக் காதால் கண்டுபிடித்திருந்தாய். மரத்திலேயே பிழைக்கிறவன் நான் அங்கே விளிம்பைக் குனிந்து பார்க்கக் கூட இல்லை. பட்டறையில் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. இவ்வளவு நல்ல மரமா, அப்படியென்றால் இன்னும் நன்றாகச் செய்வோம் என்று ஸீலரை அள்ளி ஊட்டினேன். நசுங்கலுக்கும் கீறலுக்கும் நிறம் பார்த்து லப்பம் வைத்தேன். அமைச்சர் வீட்டுக் கதவுக்குக் கூட அவ்வளவு பூச்சு போட்டிருக்க மாட்டேன். அந்தக் கஞ்சன் மிச்சம் பிடித்ததையெல்லாம் நான் என் பிள்ளைக்கு வாரி வழங்கினேன்.

நீ வந்து உறையைத் திறந்த சாயங்காலம், உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆச்சரியத்தில் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து புதுக் கம்பி மாட்டி, ஒரு முறை மொத்தமாக வருடினாய். உடனே கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கிவிட்டாய். பிரயாண அலுப்பு, குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாய். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்து, "சூப்பரா இருக்குப்பா. என் மூஞ்சி தெரியுது இதுல" என்றாய். நான் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் குரூப் முழுக்க அனுப்பினேன். பட்டறைக்கு வந்த வாடிக்கைக்காரர்களிடம் கூடக் காட்டினேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நீ வாசித்தபோது எல்லோரும் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "புதுசா வாங்குனியளா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். "ஆமா மதினி, புதுசுதான், அவளுக்குன்னே வாங்குனது" என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ வாசிப்பதை நிறுத்தாமல் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

போன ஞாயிறு நீ அதை விட்டுப் போகிறேன் என்றாயே, மறுநாள் நீ ஆபீஸுக்குப் போன பிறகு, தூசியாவது தட்டி வைப்போம் என்று எடுத்தேன். துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன தோன்றியதோ, நீ கடையில் செய்தது போல முதுகில் உள்ளங்கையை வைத்து அடிக்கம்பியைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. லேசாக ஒரு உதறல், அவ்வளவுதான், செத்துவிட்டது. மறுபடி தட்டினேன். கை மாற்றி வைத்துப் பார்த்தேன். மேல் பலகையில் வைத்துப் பார்த்தேன், அதுவும் சாப்பாட்டு மேசையைத் தட்டியது போலத்தான் இருந்தது. மரத்தைத் தடவித் தடவிப் பழகிய கை இது, ஆர்த்தி, தூசி அளவு மேடு பள்ளம் இருந்தாலும் இதற்குத் தெரியும். என் உடம்பில் எதை நம்பாவிட்டாலும் அதை நம்புவேன். அந்தக் கைதான் சொன்னது, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். என்னிடம் வந்ததே பிள்ளையார்தான்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"ஒங்களுக்கு இப்பந்தான் தெரியுதாக்கும். புள்ள அன்னைக்கே குளிக்கப் போற மாதிரிப் போயி, தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதுட்டு வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சொல்லக்கூடாதுன்னுட்டா. அப்பா ஆசை ஆசையா செஞ்சிருக்காவ, சொன்னா ஒடஞ்சு போவாவன்னு. நானும் அப்பப்ப சாடையா சொல்லத்தான் செஞ்சேன். ஒங்ககிட்ட சொல்லுததும் ஒண்ணு, செவிடன் காதுல சங்கு ஊதுததும் ஒண்ணு."

அவள் வழக்கமாகத் திட்டுகிற திட்டுதான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அன்று மத்தியானமே பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தாதருக்குப் போனேன். கடைக்காரன் என்னை மறக்கவில்லை. உறையிலிருந்து எடுத்ததும் முதலில் "வாஹ் காக்கா, க்யா சமக்தா ஹை", என்னமாய் மின்னுகிறது என்று பளபளப்பைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கம்பியைத் தட்டியதும் சிரிப்பு போய்விட்டது. யார் செய்தது என்று கேட்டான். உறையை மடித்துக்கொண்டே, நான்தான் செய்தேன் என்றேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். மேல் பலகை அசைந்தால்தான் சத்தம், அது அசைய முடியாதபடி நீங்கள் மேலே ஒரு ஓடு கட்டிவிட்டீர்கள் என்று பொறுமையாகச் சொன்னான். சரி செய்ய முடியுமா என்றேன். பூச்சைக் கையால் சுரண்டி எடுக்கலாம், மெஷின் வைக்கக்கூடாது. ஸீலர் ஊறிப்போன அளவுக்குப் போனது போனதுதான், முழுசாக வராது, முக்கால்வாசி வரலாம். லப்பமும் போய்விடும், பழைய கீறல், நசுங்கல் எல்லாம் திரும்பத் தெரியும், அதோடு சுரண்டிய தடமும் சேரும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றான். பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று என் வாயால் நான் சொன்னேன். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே நான் சொன்னதாகத் தெரியவில்லை.

சுரண்டுவதை நானே செய்வேன், எனக்குக் கை வரும் என்றேன். அதற்கு அவன் சொன்னதுதான் என்னை மடக்கிப் போட்டது. கை மட்டும் போதாது காக்கா, கொஞ்சம் எடுத்ததும் கம்பி மாட்டித் தட்டிக் கேட்க வேண்டும், மறுபடி கொஞ்சம் எடுக்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். சன்னக் கம்பியின் சத்தம் எப்போது திறக்கிறது என்று கேட்டு அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் பலகையே மெலிந்துவிடும். காது நன்றாக இருக்கிறவர்தான் செய்ய முடியும் என்றான். நான் தலையை ஆட்டிவிட்டுக் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது, ஆர்த்தி. முழுச் செவிடு இல்லை. இடது காது ஏறக்குறைய இல்லை, வலது காதில் பேச்சுக் கேட்கும், முகத்தைப் பார்த்துப் பேசினால் நன்றாகவே கேட்கும். சன்னமான சத்தம் எதுவும் கேட்காது. போன் மணி, அம்மாவின் கொலுசு, நீ சின்னக் கம்பிகளில் மேலே மேலே போவாயே, அது எதுவும் இல்லை. உன் விரல் ஓடுவதைப் பார்த்துத்தான் தலையாட்டுவேன். பட்டறையில் கம்ப்ரெஸர் பக்கத்திலேயே நின்றது, தேய்க்கும் மெஷினைக் காதோரம் வைத்து வேலை செய்தது, எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டது. எப்போது போனது என்று எனக்கே தெரியாது. தெரிந்ததும் மறைக்க ஆரம்பித்தேன். பட்டறையில் தெரிந்தால் வேலைக்கு ஆகாதவன் என்பார்கள் என்று மறைத்தேன். அப்புறம் உனக்கு வரன் பார்க்கும்போது, பெண்ணின் அப்பன் செவிடு, இது வம்சத்தில் வருமோ என்று யாராவது கிளப்பிவிடுவார்களோ என்று மறைத்தேன். எல்லோரும் சிரித்தால் சிரிப்பேன். அம்மா என்னைக் கொழுப்பு, காதில் வாங்குவதில்லை என்று திட்டுவாள், திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஓட்டைக்கு நானே வைத்துக்கொண்ட லப்பம் அது.

கடையில் நீ கண்ணை மூடச் சொன்னாயே, அன்று நான் விளையாட்டுக்குக் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டன. நீ ஆசையாக என்னைக் கேட்டாய், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொன்னேன், ஏனென்றால் என்னிடம் இருந்தது அதுதான். நீ சிரித்தபோது பிழைத்தேன் என்று இருந்தது. பட்டறையிலிருந்து பாலிஷ் போட்டு எடுத்து வந்த அன்றும், அதன் சத்தம் செத்துவிட்டது என்று எனக்குத் தெரியாமல் போனது இதனால்தான். அது மன்னிப்புக்குச் சாக்கு இல்லை. காது கேட்காதது என் குற்றமில்லை. கேட்காததைக் கேட்பதாகக் காட்டிக்கொண்டு, உன் பொருளில் கை வைத்ததுதான் குற்றம்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு அதிக வெட்கமாக இருப்பது வேறு. "சூப்பரா இருக்குப்பா" என்றாயே, அந்த வார்த்தை. நீ குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து அப்படிச் சொல்லியிருக்கிறாய். என் வேலையிலேயே அவ்வளவு நல்ல பூச்சை நான் பார்த்ததில்லை, ஒரு கோடு தெரியவில்லை. இதை எந்த ஸ்கூலில் கற்றாய்? என் வீட்டில்தான். புருவக் காயத்துக்குப் பவுடர் அப்பிய வீட்டில். எனக்கு எது தெரிந்தால் பிடிக்காதோ அதையெல்லாம் நீயும் அம்மாவும் மூடி மூடி, எனக்கு முகம் தெரிகிற மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் காட்டி வந்திருக்கிறீர்கள். நீ புது வீட்டுக்குப் போகிறாய். அங்கே கீறல் விழாமல் இருக்காது. மாப்பிள்ளை நல்ல பையன், கேட்கத் தெரிந்த பையன் போலத்தான் தெரிகிறது. அவரிடமும் இந்த வேலையைச் செய்துவிடாதே. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல். அவர் உடைந்து போக மாட்டார். நானும் போயிருக்க மாட்டேன். போயிருந்தாலும், கிட்டார் மிஞ்சியிருக்கும்.

அன்று தாதரிலிருந்து வந்ததிலிருந்து கிட்டார் உறைக்குள்தான் இருக்கிறது. சுரண்டும் தகட்டைத் தீட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அதன் மேல் வைக்கவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் தொட மாட்டேன். நீ வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடுகிறேன், வேறு ஒன்று வாங்கிக்கொள், நான் கடைக்கு வரவில்லை. சரி என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை பூட்டியிருக்கும், மெஷின் சத்தம் இருக்காது, சாவி என்னிடம் இருக்கிறது. அம்மாவிடம் என் காது விஷயத்தை நான் இன்றைக்குச் சொல்லிவிடுவேன், ஆஸ்பத்திரிக்கும் போகிறேன், அதற்காக நீ வர வேண்டாம். பட்டறைக்கு மட்டும் வா. நான் சுரண்டுகிறேன், நீ கேள். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீதான் சொல்ல வேண்டும்.

என் வலது பக்கமாக உட்கார். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று சொல். மெதுவாகச் சொன்னால் நான் கேட்டவன் போலத் தலையாட்டிவிட்டுச் சுரண்டிக்கொண்டே போவேன், அந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் போகாது. அதனால் தெருவுக்கே கேட்டாலும் சரி, சத்தமாகச் சொல், பிள்ளே.

அப்பா